கனவுக்குக் காத்திருந்த இஸ்திகாரா

சென்ற வருடக் கடைசி மழையில் கடுகண்ணாவையில் எங்கள் கறுவா, கராம்புக் கடைக்குள் மலைமண் இறங்கியது. கடையில் ஆள் இல்லை. ஆனால் சரக்கு முழுவதும் போனது. அதே மாதம் என் கணவர் நியாஸுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு குழறியது. வீட்டுச் செலவுக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த ஹோட்டல் கம்பனிப் பங்குகளும் பாதி விலைக்கு இறங்கின.

கடைக்குக் கிடைத்த நட்டஈடு மட்டும் எங்கள் கூட்டுக் கணக்கில் இருந்தது. எங்களுக்குக் கைப்பணமாக மிச்சம் அதுதான். வட்டி எடுப்பதில்லை என்பதால் நிலையான வைப்பு எங்களுக்கு வழியல்ல.

"விழுந்த நேரந்தான் வாங்கணும். இன்னும் பங்கு எடுங்க" என்றார் என் நானா, என் மூத்த சகோதரர்.

நியாஸின் தாத்தா, அதாவது அவருடைய மூத்த சகோதரியான என் மதினி, வேறு சொன்னார். பலருடைய பணத்தைச் சேர்த்துக் கட்டிடங்கள் வாங்கி, வாடகையைப் பங்கிடும் நம்பிக்கை நிதியம் ஒன்றில் போடச் சொன்னார். "பங்க வித்துப்போட்டு இதில போடுங்க. கட்டிடம் எங்கயும் ஓடாது."

"மண் வந்தா ஓடும்" என்றார் நானா.

இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. பங்குக்கும் நிதியத்துக்கும் அவர்கள் தந்த விபரக் கொத்துகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் குழம்பினேன். நியாஸிடம் கேட்கவில்லை. அவர் மனம் நோகும் பேச்சு வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கடைசியில் இஸ்திகாரா தொழுதேன். எது நல்லதோ அதை இலேசாக்கு, எது கெட்டதோ அதைத் தடு என்று அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை அது. தொழுதால் கனவில் பதில் வரும் என்றே எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கனவு வந்தது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், மலையூரான கலஹாவுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறேன். அவ்வளவுதான்.

"கலஹா மலைதானே? பங்கு ஏறப்போகுது!" என்றார் நானா.

"பஸ் உட்டுட்டுப் போயிட்டுதே. அப்ப பங்க உடத்தான் செல்லுது" என்றார் மதினி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அல்லாஹ் என் துஆவைக் கேட்கவில்லையோ என்றுகூட அழுதேன். பிறகு மதினியின் வற்புறுத்தலில் நிதியத்துக்கே போட முடிவெடுத்து, கூட்டுக் கணக்கில் பணம் எடுக்க இருவரும் ஒப்பமிட வேண்டிய பத்திரத்தில் நியாஸின் கையைப் பிடித்துக் கையெழுத்து வைக்கச் செய்தேன். கண்டி வங்கியில் அது பொருந்தவில்லை என்று திருப்பினார்கள். அவர் நேரில் வந்து புதுக் கையெழுத்துப் பதிய வேண்டுமாம்.

"நல்ல சந்தர்ப்பம் போச்சு" என்று மதினி கோபித்தார்.

நியாஸ் இடது கையால் கையெழுத்துப் பழகத் தொடங்கினார். பழைய பத்திரிகையின் ஓரங்களில் எழுதினார். ஒரு நாள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு... இது?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் கனவைக் கேட்டு, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

"ஒரு வருஷச் சாப்பாடு, மருந்து... அதத் தொடாதீங்க" என்றார். "பங்கு... விக்கவும் வாணாம், வாங்கவும் வாணாம். மிச்சத்துல பாதி கட்டிடத்துக்கு."

"மத்தப் பாதி?"

"நான் எழும்பினா... கடைக்கு."

"எழும்பினா இல்ல. எழும்பின பொறகு" என்றேன்.

இஸ்திகாராவோடு மஷூராவும் வேண்டும், ஆலோசனை கேட்க வேண்டும் என்று சிறு வயதில் படித்தவள் நான். ஊரெல்லாம் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைக் கேட்கவில்லை. ரப்பாகிய இறைவன் அந்தக் கையெழுத்தைத் தடுத்துத்தான் என்னை அவரிடம் திருப்பினான். வங்கிக்கு நாங்கள் சேர்ந்தே போனோம். மெதுவாக, கோணலாக, தன் கையாலேயே ஒப்பமிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

முடிவு இலாபமாகுமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சகோதரிகளே, குழப்பத்தில் இருந்தால் இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுங்கள். கனவு வராவிட்டால் கலங்காதீர்கள். உங்கள் வழியில் ஒரு கதவு மூடினால், அதையும் பதிலாக எண்ணிப் பாருங்கள்.

நேற்றும் பங்கு இறங்கியது. இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம்.