கடைசிப் பெயர் என்ற பெட்டி

1. நான் எழுதிய ஒரு கணினி நிரலை, எங்கள் நிரல்மொழிக்கான வாரச் செய்திமடலுக்கு அனுப்பினேன்.
2. தேர்ந்தெடுத்தார்கள்.
3. வெளியிட்டார்கள்.
4. என் அப்பாவின் பெயரில்.

அந்தச் செய்திமடலை நடத்துபவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள். வாரம் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து இரண்டு பத்தி எழுதுவார்கள். சாங்கி விமான நிலையத்தில் சரக்குக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அதைப் படிப்பார்கள். கோப்பியும் கையுமாக நின்றபடி, அந்த வாரம் யாருடையது வந்திருக்கிறது என்று பேசுவார்கள். அந்தப் பேச்சில் ஒரு முறையாவது என் பெயர் வர வேண்டும் என்பது என் ஆசை. வேலையில் நான் எழுதுவதெல்லாம் குழுவின் பெயரில் போய்விடும். இது ஒன்றுதான் முழுக்க என்னுடையது.

நிரல் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் அடையாள அட்டையில் முதலில் என் பெயர், பிறகு இன்னாரின் மகள் என்பதற்கு இரண்டு ஆங்கில எழுத்துகள், கடைசியில் அப்பா பெயர். கணினிக்கு இது பிடிபடாது. கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, கிளினிக்கிலிருந்து விமான நிலையம் வரை என்னை அப்பா பெயரால் கூப்பிடும். என் நிரலிடம் ஒரு முழுப் பெயரைக் கொடுத்தால், ஆளின் பெயர் எது, தகப்பன் பெயர் எது என்று பிரித்துத் தரும்.

செய்திமடலின் படிவத்தில் இரண்டு பெட்டிகள்: முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டாவதைக் காலியாக விட்டேன். சிவப்பு எழுத்தில் மறுத்தது. ஒரு புள்ளி வைத்தேன். அதையும் மறுத்தது. அப்பா பெயரைப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. விளக்கத்தில், 'கடைசியில் இருப்பது என் தந்தையின் பெயர், அதைத் தனியே போட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

இதழ் வந்த அன்று பக்கத்து மேசைக்காரர், அவரும் தமிழர்தான், தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"ஏய், இதப் பாரேன். நீ சொல்லிட்டிருந்த ஐடியா. யாரோ ஒரு அங்கிள் முந்திட்டாரு லா."

முதல் வரியில் என் பெயரின் முதலெழுத்து மட்டும், அடுத்து அப்பா பெயர் முழுதாக. அதன்பின் இரண்டு பத்தியிலும் அப்பா பெயர்தான், ஆங்கிலத்தில் ஆணுக்குரிய சொல்லோடு.

"அது நான் எழுதினது," என்றேன்.

"சும்மா சொல்லாத. ஆம்பளைன்னு போட்டிருக்கான்."

என் கணினியில் நிரலைத் திறந்து காட்டினேன். சிரித்தார். "சாரி மேடம். அப்ப உங்க அப்பாவுக்கு என்னோட கங்கிராட்ஸ் சொல்லிடுங்க."

திருத்தம் கேட்டு எழுதினேன். ஆசிரியர் பணிவாகத்தான் பதில் போட்டார். அனுப்பிவிட்ட இதழை மாற்றுவதில்லையாம். வேலை செய்யாத இணைப்புகளுக்கு மட்டும்தான் அடுத்த இதழில் திருத்தம் போடுவார்களாம். நான் நிரப்பியதைத்தான் அவர்கள் போட்டார்களாம். முடிவில், பெயர்களைக் கையாளும் என் நிரல் அருமை என்று ஒரு பாராட்டு. கடிதத்தின் தொடக்கத்தில் என்னை அப்பா பெயரால் விளித்திருந்தார்.

வீட்டில் அப்பாவிடம் சொல்லிப் புலம்பினேன். வார இறுதிகளில் நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது, காசு வராத வேலைக்குக் கரண்டு செலவு என்றவர் அவர். நான் புலம்பியதை முழுதாகக் கேட்டாரா தெரியவில்லை. இணைப்பை மட்டும் அனுப்பச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் அவருடைய நண்பர் எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க? நம்ம வாட்ஸ்அப் குரூப் பூரா உங்க பேச்சுதான்!"

"எல்லாம் நம்ம மூளைதான்," என்றார் அப்பா. "பாப்பா டைப் பண்ணிக் குடுத்துச்சு."

"அப்பா, அதுல நீங்க ஒரு எழுத்துகூட எழுதல."

அவர் பரோட்டாவைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். "எழுதலன்னா என்னம்மா? போட்டிருக்கிறது என் பேருதானே."

நண்பர் சிரித்தார். நான் என் தே தாரிக் டீயைக் குடித்து முடித்தேன்.

இன்றைய நிலை இது. அந்த இதழ் இணையத்தில் அப்படியே இருக்கிறது. அப்பா அதை அச்செடுத்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். நிரலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். சந்தேகம் கேட்டு எழுதுபவர்களில் பெரும்பாலானோர் அப்பா பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். பதில் எழுதுவது நான். புதிய பதிப்பு தயாராக இருக்கிறது. செய்திமடலின் படிவத்தில் இரண்டாவது பெட்டி இன்னும் கட்டாயம். நான் அனுப்பவில்லை.