போகாதவன் வீட்டுப் பொதிகள்

குளச்சலில் எங்கள் தெருவில் ஒருவன் கல்ஃபிலிருந்து வந்து இறங்கினால் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும். எப்போது வந்தாய், எப்போது போகிறாய். முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். இருபத்தெட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இந்த முறை பள்ளிவாசலுக்கு முன்னால் வைத்து ஒருவர் கேட்டதும், இரண்டு மாத லீவு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பொய். நான் ஒரேயடியாக வந்துவிட்டேன். வீட்டில் மனைவியிடமும் அதே பொய்தான்.

அங்கே துறைமுகத்தில் என் வேலை, கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னர்களின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுள் போயிற்று. போன வருடம் கிரேனில் கேமரா வைத்தார்கள். அதுவே எண்ணை வாசித்து அதுவே கணினியில் ஏற்றிவிடுகிறது. எங்களைக் கூப்பிட்டு டீ கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். ஐம்பத்தாறு வயதில் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

என் வாப்பா கொழும்புத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கடையில் நின்றவர். அவருடைய வாப்பா இதே குளச்சலில் கப்பலுக்குக் கயிறும் கருவாடும் ஏற்றியவர். இப்போது இங்கே மீன்பிடிப் படகுகள்தான். பெரிய துறைமுகம் வரும், வராது என்று டீக்கடையில் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். வந்தால் கூடவே கேமராவும் வரும் என்று சொல்ல நினைப்பேன். ஆனால் சொல்வதில்லை, உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால்?

ஏன் பொய் சொன்னேன் என்றால், பயம்தான். போகிற ஆளாக இருக்கும்வரை கல்யாண வீட்டில் முன்வரிசையில் நாற்காலி உண்டு. வந்துவிட்ட ஆளுக்கு என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பந்தல் கட்ட ஆள் குறையும்போதுதான் அவன் ஞாபகமே வரும். இரண்டு மாதமாவது மனிதனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் போகிற தேதியைச் சொன்னவன் வீட்டுக்குப் பொதி வரும்.

அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கிருந்து யார் போகிறார்களோ அவர்கள் கையில்தான் தீனி கொடுத்தனுப்புவார்கள். ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, நெத்திலிக் கருவாடு, மாங்காய் ஊறுகாய், முட்டுவலித் தைலம். பிளாஸ்டிக் கவரில் போட்டு, பழுப்பு டேப்பை வரிந்து வரிந்து சுற்றி, மேலே பெயரும் அறை எண்ணும் எழுதியிருக்கும். முடியாது என்று சொல்லக் கூடாது. என் உம்மா கட்டிய பொதியையும் யாரோ ஒருத்தன்தானே அன்று சுமந்து வந்தான்.

போவதாகச் சொன்ன தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது மேசைமேல் எட்டுப் பொதிகள் சேர்ந்துவிட்டன. எதிரே உட்கார்ந்து சாப்பிடவே முடியவில்லை. யார் கொண்டுவந்தாலும் என் மனைவி வாயே திறக்காமல் வாங்கி வைத்தாள். ஒரு காலையில் எனக்குக் கோபம் வந்து, உனக்கென்ன பைத்தியமா, எல்லாவற்றையும் ஏன் வாங்கி அடுக்குகிறாய் என்று கத்திவிட்டேன்.

அவள் அடுக்களைத் தட்டிலிருந்து என் அலுமினியச் சட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். அங்கே அறையில் இத்தனை வருடம் நான் சோறு பொங்கிய சட்டி. பெட்டியில் போர்வைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தது. வந்த அன்றே எடுத்துத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறாள்.

"லீவுக்கு வாற ஆளு யாராவது சோறு பொங்குத சட்டியையும் கொண்டுட்டு வருவாவளா? நீங்களா சொல்லட்டும்ணு இருந்தேன்," என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் சோறு பொங்குகிறவளிடம். வெட்கமாக இருந்தது. ஐம்பது நாள் அவள் எனக்காகக் காத்திருந்தாள் என்பது அதைவிட வெட்கம்.

அன்று மதியமே பின்வீட்டு மாமி வந்தார். அவருடைய கடைசி மகன் பதினோரு வருடமாக என் அறையில்தான் இருந்தான். துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுகிறான். தேங்காய்க்கொத்துப் போட்டு ஈரமே இல்லாமல் வறுத்த மாட்டிறைச்சி, மாமியின் பொதி எப்போதும் அதுதான். ஒவ்வொரு லீவிலும், பிள்ளை தின்றானா என்று கேட்பார். நன்றாகத் தின்றான் என்பேன். உண்மையில் எட்டுப் பேர் இருக்கிற அறையில் பொதியைப் பிரித்த இடத்திலேயே காலியாகிவிடும். அவனுக்கு இரண்டு துண்டு மிஞ்சினால் அதிகம்.

"இத மேலாக்க வெச்சுக்கிடு மக்கா. நசுங்கப்பிடாது."

கையில் வாங்கினேன். இன்னும் சூடு இருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மாமி, நான் இனி போவல்ல. வேலை போச்சு. லீவுண்ணு சொன்னது பொய்யாக்கும்."

மாமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தன் மகனுக்கும் வேலை போய்விடுமா என்று கேட்டார். அவன் வண்டி ஓட்டுகிறவன், அவனுக்கு ஒன்றும் இல்லை என்றேன். இப்போதைக்கு என்ற வார்த்தை நாக்குநுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மாமி என் கையிலிருந்த பொதியை வாங்கி, டேப்பை நகத்தால் கிளப்பி உரித்துப் பிரித்து, என் முன்னால் தள்ளிவைத்தார்.

"இது அங்க போயி என்ன ஆவுதுண்ணு நான் பாத்ததே இல்ல. தின்னு, நான் பாக்கட்டு."

தின்றேன். கண் கலங்கிவிட்டது. குனிந்துகொண்டு இன்னும் இரண்டு துண்டு எடுத்துத் தின்றேன். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"உப்பு கூடுதல், மாமி."

"பதினோரு வருசமா இந்த உப்புதான போடுதேன். நீயும் சொல்லல்ல, அவனும் சொல்லல்ல."

"அங்க வெச்சுத் தின்னா தெரியாது மாமி. எல்லாம் ருசியாத்தான் இருக்கும்."

மாமி ஒரு துண்டைத் தானும் எடுத்து மென்று பார்த்தார். ஆமாம், கூடுதல்தான் என்று தலையாட்டினார். அடுத்த தெருவில் ஒருவன் அடுத்த வாரம் போகிறானாம், மற்ற பொதிகளை அவனிடம் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றார். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளைக்கு நாளைக்குத் திரும்பவும் வறுக்கணும். உப்பு கொறச்சுப் போடுதேன். வந்து பாத்துச் சொல்லு. நீ இங்கனதான இருப்ப."

இருப்பேன் என்றேன்.