மேகமலைக்கு ஒரே சாலை: கல்யாணத்துக்கு இடம் பார்க்கப் போன இரண்டு நாட்கள்

மேகமலையில் நாலைந்து பேரோடு எளிமையாகக் கல்யாணம் செய்துகொள்ளலாமா, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு அடிக்கடி மடல் வருகிறது. பழைய பதிவொன்றில் நான் போட்ட ஏரிப் படம்தான் காரணம். பதில் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதே கேள்வியோடு நானும் அந்த மலைக்குப் போயிருக்கிறேன். சென்ற ஆண்டு நவம்பரில், விடாமல் மழை பிடித்திருந்த ஒரு சனி, ஞாயிறு. அதைச் சொல்லாமல் வெறும் பஸ் நேரத்தை மட்டும் சொன்னால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. தேனி கடைவீதியில் அப்பாவுக்குப் பெயின்ட் கடை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். செல்வாவின் வீடு கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரில். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் இந்துக் குடும்பம், இரண்டு அண்ணன்கள். நாங்கள் இருவரும் கோவையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். நாலு வருடம் இரண்டு வீட்டிலும் கேட்டுப் பார்த்தோம். என் சித்தப்பா ஒருமுறை, "பேசிக்கிட்டே இருக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டோம். சொல்லாமல் செய்துகொள்வது என்று முடிவானது. இந்த வயதில் ஓடிப்போவதா என்று சிரிக்காதீர்கள். எந்த வயதிலும் அதற்குப் பயம் ஒன்றுதான்.

ஏன் மேகமலை? பெரியகுளத்திலிருந்து குமுளி வரை எந்த ஊரில் இறங்கினாலும் எங்கள் இருவரில் ஒருவருக்கு அங்கே சொந்தக்காரர் இருப்பார். அந்த மலையில் மட்டும் யாரும் இல்லை. தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு நண்பர்களோடு ஏறுவது, ஏரிக்கரையில் மாலை மாற்றிக்கொள்வது, பிறகு கோவைக்கு வந்து பதிவு செய்வது. இதுதான் திட்டம். இடத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

சனிக்கிழமை காலை 5.40க்குக் கோவையில் கம்பம் பஸ். வத்தலக்குண்டு வரை பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தோம். அங்கே தேநீருக்கு நின்று மறுபடி ஏறியபோது செல்வா பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் தெரிந்த முகங்கள் ஏறும் பகுதி. தேனி பேருந்து நிலையத்தில் பஸ் பதினைந்து நிமிடம் நின்றது. நான் முகக்கவசம் போட்டுத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பிறந்து வளர்ந்த ஊரில் திருடி மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தேன். சின்னமனூரில் இறங்கும்போது மணி 12.25.

சின்னமனூரிலிருந்து மேகமலை சுமார் 40 கிலோமீட்டர். காலையில் அரசுப் பேருந்து உண்டு. எங்களுக்கு அது தவறிவிட்டதால் ஸ்டாண்டில் ஜீப் பேசினோம். இரண்டு நாளுக்கு, ஓட்டுநர் தங்குவது உட்பட, 5,500 ரூபாய். ஓட்டுநரின் பெயர் காசி. கம்பத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். எங்களைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

அடிவாரம் தென்பழனி, 12 கிலோமீட்டர். அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடி. நாங்கள் போனபோது காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் வண்டிகளை விட்டார்கள். பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொண்டு, பையில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான் பொதுவாகக் கேட்கிற மாதிரி, மேலே சின்னதாகக் கல்யாணம் வைக்கலாமா என்று காவலரிடம் கேட்டேன்.

"புலிகள் காப்பகம்மா இது. கூட்டம் கூடக் கூடாது, நெருப்பு கூடாது, மைக்செட்டு கூடாது. முறையா எழுதிக் கேட்டாத்தேன் எதுவும். ஏரிக்கரை ஆனை வர்ற பாதை வேற" என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

அங்கிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரில் பலகை இருக்கிறது. பாதிப் பலகைகள் பனிமூட்டத்தில் தெரியவில்லை. கீழே பள்ளத்தாக்கு தெரியும், வயல்கள் பச்சைக் கட்டங்களாகத் தெரியும் என்று பழைய பதிவில் எழுதியிருந்தேன். அன்று கீழே ஒன்றுமே இல்லை, வெள்ளைதான். தேயிலைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு காட்டுமாடு சாலை நடுவே நின்றது. காசி எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். 3.10க்கு மேலே போய்ச் சேர்ந்தோம்.

தங்குமிடத்தில் இரண்டு அறை எடுத்தோம், ஒன்று 1,400 ரூபாய். திருமணம் ஆகாதவர்களுக்கு ஓர் அறை தர மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. மாலை ஏரிக்கரைக்கு நடந்தோம். ஐந்து நிமிடம் பனி விலகி, தண்ணீரும் எதிர்க்கரை மரங்களும் தெரிந்தன. "இங்கன நிக்கலாம்" என்றார் செல்வா. நான் அவருக்கு எதிரே போய் நின்று பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மழை வலுத்தது. திரும்பி வந்து காலைப் பார்த்தால் ஆறேழு அட்டைகள். (உப்பும் முழுநீளக் காலுறையும் கட்டாயம்.)

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, நண்பர்கள் எந்த வண்டியில் வருவது, மாலையை எங்கே வாங்குவது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்த காசி தம்ளரைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்த இங்கன வைக்கப் போறீகளா?"

நான் ஆமாம் என்றேன்.

"வேணாம்மா" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒரு காலையில ஒரு பயலும் புள்ளையும் என் வண்டியில ஏறுனாக. சின்னப் புள்ளைக, இருவது இருவத்திரெண்டு இருக்கும். மேல கொண்டாந்து விட்டுட்டு எறங்கிட்டேன். மத்தியானம் ஸ்டாண்டுக்கு அஞ்சு ஆளுக வந்தாக. இப்படி இப்படி ஒரு சோடி ஏறுச்சான்னு கேட்டாக. நான் யோசிக்கல. ஆமா, நாந்தேன் கொண்டு போய் விட்டேன்னு சொல்லிட்டேன். என் வண்டியவே பேசி ஏறிக்கிட்டாக. ரெட்ட வாடகை."

"கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்று செல்வா கேட்டார்.

"இந்த மலையில எங்கன போய் ஒளிய? அந்தப் பயல ரோட்டுல எறக்கி விட்டு, நடந்தே போடான்னு சொல்லிட்டாக. மழை. புள்ளைய வண்டியில நடுவுல உக்கார வச்சாக. பாதி மலையில, அண்ணே கொஞ்சம் நிறுத்துங்க, வாந்தி வருதுன்னுச்சு. நிறுத்தாதேன்னாக. நான் நிறுத்தல." காசி தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மறுநாளு அந்தப் பய ஸ்டாண்டுக்கு வந்தான். கால் பூராம் ரத்தம், அட்ட கடிச்சது. அண்ணே, நீங்க ஏண்ணே சொன்னீகன்னு கேட்டான். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. புள்ளைக்கு அந்த மாசமே வேற ஊருல கல்யாணம் முடிச்சிட்டாகன்னு கேள்வி."

எனக்கு அவர் மேல் கோபம்தான் முதலில் வந்தது. "இப்ப எங்களைக் கேட்டு யாராவது வந்தா?" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். ஆனா ஸ்டாண்டுல நான் ஒருத்தன் மட்டுமா இருக்கேன்? ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் ஒரே ரோடு. கீழ ஒரு வண்டிய நிறுத்தி வச்சாப் போதும்மா."

இன்னும் மேலே இருக்கும் மணலாறு வரை போய்ப் பார்ப்பதாக இருந்தோம். போகவில்லை. 9.30க்குக் கிளம்பிவிட்டோம். மலையில் பெரும்பாலும் செல்போன் எடுக்காது. பாதி வளைவுகள் இறங்கியதும் என் போனில் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்தன. ஏழும் அப்பாவிடமிருந்து. வீட்டில் நான் அலுவலகத்தோடு ஊட்டிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். கையில் இருக்கும்போதே எட்டாவது முறை அடித்தது.

"எங்கன இருக்கீக?" என்றார் அப்பா. நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "சரி. தென்பழனியில நிக்கிறேன். மெதுவா எறங்கி வாங்க."

அப்பா என்னை ஒருநாளும் பன்மையில் கூப்பிட்டதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

என்னால் எதுவும் நினைக்க முடியவில்லை, சித்தப்பாவின் முகம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசி வளைவுக்கு முன்னால் காசி வண்டியை ஓரம் கட்டினார். "கூட எத்தன பேருன்னு தெரியாமப் போக வேணாம். அப்பா எப்படி இருப்பாக?" என்று கேட்டார். ஒல்லி, வழுக்கை, தடிமனான கண்ணாடி என்றேன். வண்டிச் சாவியைச் செல்வாவிடம் கொடுத்துவிட்டு மழையில் நடந்து போனார். இருபது நிமிடம்.

திரும்பி வந்தவர் முழுக்க நனைந்திருந்தார். "ஒருத்தர்தேன்ம்மா. ஸ்கூட்டர். அக்கம்பக்கம் பூராம் பாத்துட்டேன், வேற வண்டி இல்ல. கொடகூட இல்லாம நிக்கிறாக."

அப்பா ஒரு மரத்தடியில் நின்றார். சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வீட்டிலிருந்து கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர் அந்த மழையில் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். செல்வா இறங்கி என் பின்னால் நின்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை.

"சாப்ட்டியா?"

"டீ குடிச்சேன்ப்பா."

"நேத்து நீ மலை ஜீப்புல ஏறுனத நம்ம கடைக்கு வர்றவரு ஒருத்தரு பாத்துட்டு, இன்னைக்குக் காலையில எனக்குப் போன் போட்டாக. நல்லவேளை எனக்குத்தேன் போட்டாக. அம்மாவுக்குச் சொல்லல. சித்தப்பாவுக்குத் தெரியாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

"இல்லப்பா. இடம் பாக்கத்தான் வந்தோம். தை கடைசி ஞாயித்துக்கிழமை."

"இங்கன வேணாம் பாப்பா. கோயமுத்தூருலயே வச்சுக்கங்க. கவர்மெண்டு ஆபீசுல, நாலு பேரு நடமாடுற எடத்துல. முடிச்சிட்டு இந்தப் பக்கம் வராதீக. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். ஆனா மத்தவகள என்னால நிறுத்த முடியாது."

"நீங்க வருவீங்களாப்பா?"

கண்ணாடியைக் கழற்றி நனைந்த சட்டையிலேயே துடைத்தார். அது இன்னும் மங்கலானது.

"கடையப் பூட்ட முடியாது பாப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். எனக்கு நினைவு தெரிந்து எந்த ஞாயிறும் எங்கள் கடை திறந்ததில்லை. அன்றும் ஞாயிறுதான், கடை பூட்டித்தான் கிடந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவர் ஸ்கூட்டரை மூன்று முறை உதைத்துக் கிளப்பி, எங்களுக்கு முன்னால் போய்விட்டார். காசி எங்களைச் சின்னமனூரில் இறக்காமல், தேனியையும் தாண்டிப் பெரியகுளம் வரை கொண்டுவந்து விட்டார். அதற்குத் தனியாகப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அப்பா சொன்னபடிதான் செய்தோம். கோவையில் சிறப்புத் திருமணச் சட்டத்தில் விண்ணப்பித்து, அறிவிப்புப் பலகையில் எங்கள் பெயர் தொங்கிய முப்பது நாளும் தினம் ஒருமுறை போய், யாராவது ஆட்சேபம் எழுதியிருக்கிறார்களா என்று விசாரித்தோம். யாரும் எழுதவில்லை. ஒரு புதன்கிழமை காலை 11.20க்குக் கையெழுத்து. மூன்று சாட்சிகள் வேண்டும். இரண்டு பேர் அலுவலக நண்பர்கள். மூன்றாமவர் வக்கீலிடம் வேலை பார்ப்பவர், எங்களை அன்றுதான் பார்த்தார். அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அம்மா இன்றுவரை என் போனை எடுப்பதில்லை. வெளியே வந்து, சாப்பிடப் போகும் வழியில்தான் எனக்கு அழுகை வந்தது. செல்வா சாலையோரம் வண்டியை நிறுத்தினார்.

கேட்டவர்களுக்கு என் பதில் இது. இரண்டு வீடும் சம்மதித்த கல்யாணம் என்றால், வனத்துறைக்கு எழுதிக் கேளுங்கள், மழை மாதங்களைத் தவிருங்கள், மேலே எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் செய்வதென்றால் அங்கே போகாதீர்கள். படத்தில் இடம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கிருந்து வெளியே வர எத்தனை சாலை என்று பாருங்கள். போன் எடுக்கிறதா என்று பாருங்கள். வேறு வேறு மதம் என்றால் மலையில் மாலை மாற்றியது மட்டும் சட்டத்தின் முன் நிற்காது. முதலில் வக்கீலைப் பார்த்துப் பதிவை முடியுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். எங்கள் விஷயத்தில் தெரிந்துகொண்டவர் அப்பாவாக இருந்தது தற்செயல். வேறு யாருக்கும் அந்தப் போன் போயிருக்கலாம்.

இதில் உள்ள நேரமும் வாடகையும் அன்றைய கணக்கு. இப்போது மாறியிருக்கலாம். தேனியிலிருந்து காலையில் மேகமலைக்குப் போகும் பஸ் இப்போது எத்தனை மணிக்கு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் யாராவது போய் வந்தால் கீழே எழுதுங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிர்த் தெருவில்தான் எங்கள் வீடு. ஆனால் நான் போய்க் கேட்டுச் சொல்ல முடியாது.