கடப்பாக் கல் பதித்த படிகள்

எங்கள் ஊரில் சமதளம் என்று சொல்ல பேருந்து நிலையம் ஒன்றுதான் இருந்தது. ஆனைமலையைத் தாண்டி மலையேறி வரும் பேருந்துகள் அங்கேதான் வந்து நிற்கும். கடைவீதி அதை ஒட்டி. வீடுகளெல்லாம் மேலே. கடைவீதியிலிருந்து எங்கள் தெருவுக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். ஜீப் போகிற ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு வரும். அதில் நடந்தால் முக்கால் மணி நேரம்.

பழைய படிகள் கரடுமுரடான பாறைக் கற்கள். ஒன்று உயரம், ஒன்று சாய்வு. அழகு பார்த்து யாரும் போட்டதில்லை. ஆனால் எங்கள் ஊர் மழையில், பாசி பிடித்த நாளிலும், கால் வைத்தால் நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, கண்ணாடிபோல் பாலிஷ் செய்த கறுப்புக் கடப்பாக் கல்லைப் பதித்தார்கள். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு பெரிய மனிதர் பொள்ளாச்சியிலிருந்து காரில் வந்தார். நாடா வெட்டினார், மூன்று படி ஏறினார், போட்டோ எடுத்தார்கள், இறங்கிப் போய்விட்டார். அன்று நல்ல வெயில். மிச்சம் நூற்று ஒன்பது படிகள் எப்படி இருக்கின்றன என்று அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

அப்போது நான் கடைவீதியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா பேருந்து நிலையத்து வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தாள். தினமும் விடிந்ததும் மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் இறங்குவாள். சாம்பார் வாளியோடு நான் பின்னால்.

ஆனி மாத மழை பிடித்த முதல் வாரத்தில் அம்மா விழுந்தாள். எனக்கு நாலு படி கீழே இருந்தாள். கால் வழுக்கியது மட்டும் தெரிந்தது. அடுத்து அவள் உட்கார்ந்த நிலையிலேயே ஏழெட்டுப் படி சறுக்கிப் போய் நின்றாள். மாவு கறுப்புக் கல்மேல் வெள்ளையாக வழிந்து கீழே கீழே போனது. வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

கீழேயிருந்து ஓர் ஆள் குடையோடு ஏறி வந்தார். பேரூராட்சியில் துப்புரவு மேஸ்திரி. தூக்கிவிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்கம்மா, புதுப் படிங்க. போன மாசம்தானுங்க தொறந்தாங்க. இப்படிக் கொட்டி வெச்சா எப்படிங்க? கழுவி உட்டுட்டுப் போயிருங்க."

அவர் பேச்சில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கழுவி உட்டுரு கண்ணு. இன்னொருத்தர் மிதிச்சு உழுந்தாங்கன்னா பாவம்" என்றாள்.

கை ஒடிந்தவளை உட்கார வைத்துவிட்டு நான் படி கழுவினேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு எரிகிறது. அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

ஊருக்கெல்லாம் மனு டைப் அடித்துக் கொடுப்பவள் நான். எங்களுக்காக ஒன்று அடித்து எடுத்துக்கொண்டு பேரூராட்சி எஞ்சினியரைப் பார்க்கப் போனேன். மனுவை வாங்கிப் படித்தார். உட்காரச் சொன்னார். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

"கல்லு நல்ல கல்லுங்க. ஊருக்கே ஒரு களை வந்துருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மாவ நல்ல கிரிப் இருக்கற செருப்பாப் போட்டுக்கச் சொல்லுங்க."

"ஒரு தடவை மழையில நீங்க ஏறிப் பாருங்க சார்."

"நமக்குத்தான் மேல ரோடு இருக்குதுங்களே. ஜீப்புல வந்து பாத்துக்கறேனுங்க."

அவர் வரவில்லை. அந்த மழைக்காலத்திலேயே கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவர் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவருக்கு நெற்றியில் தையல். நான் இன்னும் இரண்டு முறை மனுவோடு போனேன். கைப்பிடிக் கம்பி போட எஸ்டிமேட்டில் இடமில்லை என்றார்கள். பழைய கற்களையாவது திருப்பிப் போடுங்கள் என்று கேட்டால், அவை எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் அடுத்த வீட்டு அக்கா அம்மி கொத்துபவர். தோளில் பையை மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கெல்லாம் நடந்தே போய் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்திவிட்டு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, வழவழன்னு போன அம்மிய நாங் கொத்திக் குடுக்கறேனில்ல? படியும் கல்லுதானே?"

"கேஸ் போட்டுருவாங்க" என்றாள் அம்மா பயந்துபோய்.

"போடட்டும். அதுக்குள்ள கொத்திப்போடறேன்."

உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு படியிலும் கால் விழும் இடமாகப் பார்த்து இரண்டு சாண் அகலத்துக்குப் புள்ளி புள்ளியாகக் கொத்தினார். மழை தூறினால் தெருப் பெண்கள் முறைபோட்டுக் குடை பிடித்தார்கள். ஒருத்தி சோறு கொண்டுவந்தாள். கல்தூசியை நான் பெருக்கித் தள்ளினேன். கீழ்ப்படிவரை முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் கொட்டுகிற மழையில் அம்மா கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கவிட்ட கையோடு இறங்கிப் பார்த்தாள். கால் நின்றது.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக அக்கா பேருக்கு. மூன்று மனுவுக்குப் பதில் போடத் தெரியாத அலுவலகத்துக்கு, இதற்கு மட்டும் ஏழு நாளில் தாள் கிடைத்துவிட்டது.

இன்ஸ்டிட்யூட் மிஷினில் உட்கார்ந்து பதில் அடித்தேன். கொத்தியது ஒருவரல்ல, கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் எல்லோரும் என்று. கையெழுத்தும் கைநாட்டுமாக இரண்டு பக்கம் நிறைந்தது. அக்காவும் நானும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எஞ்சினியர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனை பேர் மேல எப்படிங்க நடவடிக்கை எடுக்கறது?"

"எடுக்க வேண்டாமுங்க. வேற எங்கியாச்சும் வழுக்குதுன்னா சொல்லி உடுங்க, கொத்தித் தாரேன்" என்றார் அக்கா. கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார்.

நோட்டீஸைத் திரும்பப் பெறவும் இல்லை, மேற்கொண்டு எதுவும் செய்யவும் இல்லை. அம்மாவின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. மாவாட்ட ஒரு பெண்ணை வைத்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் தண்ணீர்த் தொட்டி திறப்பு விழா. நாங்களும் போயிருந்தோம். எஞ்சினியர் மைக் பிடித்து ஊருக்குச் செய்ததையெல்லாம் அடுக்கினார். அதில் இதுவும் வந்தது: "மழைக்காலத்துல பொதுமக்கள் சிரமப்படக்கூடாதுன்னு, படிக்கட்டு முழுக்க நம்ம அலுவலகமே முன்வந்து கொத்தி விட்டிருக்கறோமுங்க."

கைதட்டினார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"பொய்யுங்க சார்! கொத்துனது இந்த அக்கா. அதுக்கு நீங்க நோட்டீஸ் அனுப்புனீங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மேடையில் இருந்த விருந்தினர் "அப்படிங்களா?" என்று கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எஞ்சினியர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவரோடு சண்டை போட்டேன்.

"உங்க ஒம்பது நாள் வேலைய அவன் தன்னுதுன்னு சொல்றான். நீங்க ஏனுங்க்கா வாயே தொறக்கல?"

"சொல்லிட்டுப் போறான் உடு அம்மணி. நடக்கறது நாமதானே."

அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமலே இருந்தேன்.