படத்தில் விழுந்த விரல்

அந்தக் குழந்தைகள் நல மருத்துவருக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் ‘சந்தேகம்’. “சந்தேகம் ரவுண்ட்ஸ் வருது” என்று செவிலியர்கள் காதைக் கடிப்பார்கள். அவளுக்கும் தெரியும். வீட்டுக்காரர் இன்னும் மோசம். உப்பு சரியாக இருக்கிறது என்று தான் சொன்னால் போதாது, அவளுக்கு இன்னொரு சாட்சி வேண்டும் என்பார்.

அப்பேர்ப்பட்டவளையே ஒரு கைக்குழந்தை படாதபாடு படுத்தியது. முகம் வெளுத்து, வயிறு உப்பி, எத்தனை முறை ரத்தம் ஏற்றினாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய கதைதான். புற்றுநோயாக இருக்குமோ என்று யாரோ வாயை விட, தாய் பாதி உயிராகிவிட்டாள்.

காலைத் தொட்டாலே குழந்தை வீரிட்டதால் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். படம் எடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். எலும்பெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரே வெள்ளை. போதாக்குறைக்கு, காலைப் பிடித்திருந்த தாயின் விரலும் விழுந்திருந்தது.

“கதிர் பத்தல மேடம். அழிச்சிட்டு வேற எடுக்கறேன்.”

“இருங்கண்ணே, அழிச்சிடாதீங்க!” திரையில் மூக்கு உரசக் குனிந்தாள். “கதிர் பத்தலைன்னா அம்மா விரலும் வெள்ளையாத்தானே இருக்கணும்?”

விரல் எலும்பு ஒழுங்காக இருந்தது. ஓரம் வெள்ளை, நடுவே மஜ்ஜை இருக்கும் இடம் சாம்பல். குழந்தையின் எலும்பில் அந்த நடுப்பகுதியே இல்லை, அடைத்துக் கிடந்தது. ரத்தம் ஊற இடமே இல்லையென்றால் ரத்தம் எங்கிருந்து வரும்? இத்தனை நாள் ரத்தத்தில் தேடிய திருடன் எலும்புக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்!

எலும்பு கல்லாக இறுகும் நோய். புத்தகத்தில் படித்ததோடு சரி. விட்டுவைத்தால் பார்வை போகும், பிறகு உயிரே போகும். சீக்கிரம் மஜ்ஜை மாற்றினால் பிழைக்க வழி உண்டு. பெரிய ஆஸ்பத்திரியின் மரபணுச் சோதனையும் அவள் சொன்னதையே சொன்னது. அங்கே குழந்தையின் அக்காவுடைய மஜ்ஜை அப்படியே பொருந்தியது. “தம்பி திருப்பிக் குடுப்பானா?” என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வாயாடி சம்மதித்தாளாம்.

மஜ்ஜை மாற்றி முடித்தார்கள்; அது ஒட்டுமா என்ற கவலையில் மருத்துவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் தாயிடமிருந்து போன் வந்தது.

“டாக்டரம்மா, பசியில ஒரே கத்து. மூஞ்சியெல்லாம்...”

“மூஞ்சிக்கு என்னம்மா ஆச்சு?”

“செவந்துடுச்சு! ரத்தம் ஏத்துறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு டாக்டரம்மா. இது அவனே ஊறவச்ச ரத்தம்!”

தன்னிடம் காட்ட வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, அவள் வெட்கமில்லாமல் அழுதாள்.

“உடனே பால் குடுத்துடாத,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “போனை அவன்கிட்ட வை. இன்னும் கொஞ்சம் அழட்டும், நான் கேக்கணும்.”