ஓடும், ஸ்டார்ட்டுதான் ஆகாது

ஓடாத காரை டிரெய்லரில் ஏற்றப் பத்து நிமிஷம் போதும். அது ஓடாது என்று அதன் சொந்தக்காரரை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் அரை மணி நேரம் ஆகிறது.

நீங்களும் ஒருநாள் நடுரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்துக்கொண்டு நின்றவர்தானே? அப்போது போன் போட்டால் வருகிற ஆள் நான். காரைக்குடியைச் சுற்றி எங்கே கார் படுத்தாலும் நானும் கூட்டாளி வயிரவனும் போய் நிற்போம். வயிரவன் பிக்கப் ஓட்டுவான். பின்னால் டிரெய்லர். அதன் மூக்கில் வின்ச் என்று ஒரு மோட்டார், மோட்டாரில் சுற்றிய எண்பதடி இரும்பு வடம், வடத்தின் முனையில் கொக்கி. காரை நியூட்ரலில் போட்டுக் கொக்கியை மாட்டி, ரிமோட்டில் மேல் பட்டனை அழுத்தினால் கார் பலகைமேல் ஏறி வரும். கீழ்ப் பட்டனை அழுத்தினால் அதே நிதானத்தில் இறங்கும். விரலை எடுத்தால் நின்றுவிடும். அவ்வளவுதான் தொழில்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. எனக்கு முப்பத்து மூன்று வயது. மூன்று இடத்தில் பெண் கேட்டு மூன்றும் தட்டிப் போய்விட்டது. "செத்த வண்டி தூக்குறவருக்கா பொண்ணக் குடுக்கிறது?" என்று மூன்றாவது வீட்டில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அதனால் நாலாவதாகத் திருக்கோஷ்டியூரிலிருந்து ஜாதகம் வந்தபோது அம்மா என் தொழிலை 'டிரான்ஸ்போர்ட்டு' என்று சொல்லி வைத்துவிட்டார். பெண் வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்தில் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகப் பேச்சு. அந்தப் பெண்ணின் போட்டோவை நான் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் அந்த மாதம் முழுக்க வடம் சுற்றினேன். இதுவும் போய்விடக் கூடாது என்று இருந்தது. உலகமோ அந்த மாதம்தான் என்னை வைத்து விளையாடியது.

பழகின கால்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவருடைய கார் கிளட்ச் போய் நின்றுவிட்டது. ஸ்டீரிங்கைப் பிடிக்க வயிரவன் ஏறி உட்கார்ந்தான். "வெளிய நின்டு பாத்தா எனக்கு மனசு கேக்காது" என்று மாஸ்டர் இடது பக்க சீட்டில் ஏறிக்கொண்டார். பட்டனை அழுத்தினேன். வடம் விறைத்தது, மோட்டார் முக்கியது. கார் அசையவில்லை. டிரெய்லர்தான் காரை நோக்கிப் போகலாமா என்று யோசிக்க ஆரம்பித்தது.

நியூட்ரலைப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தேன். ரோட்டில் மல்லாந்து படுத்து அடியிலும் பார்த்தேன். எழுந்து சட்டையைத் தட்டும்போதுதான் இடது பக்க ஜன்னல் வழியாக மாஸ்டரின் கால் கண்ணில் பட்டது. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நீங்கள் எட்டுப் போடப் பழகியபோது உங்களைக் காப்பாற்றியது அதுதான். மனிதர் அதை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். "சார், காலு!" என்று கத்தினேன். குனிந்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கால் போல அதைப் பார்த்தார்.

"நானா மிதிக்கல தம்பி, பக்கத்துல ஒருத்தன் ஸ்டீரிங்கப் பிடிச்சுட்டா அதுவாப் போயி மிதிச்சுக்கிரும்."

மூடி வைத்த கார்

அமராவதிபுதூரில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவருடைய பழைய கார் காரைக்குடி ரோட்டில் படுத்துவிட்டது. வீட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஆனால் தெருவுக்குத் தெரியக் கூடாது. "எங்கிட்டப் படிச்சவங்க நாலு பேரு அங்கன இருக்காங்க. சிரிப்பாங்க" என்றார். அதற்கென்ன என்று நான்தான் தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். சத்தியமாக நல்லெண்ணத்தில்தான் செய்தேன்.

தெருவுக்குள் டிரெய்லர் நுழைந்ததும் ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்தது. மூடிக் கட்டி டிரெய்லரில் வருகிற கார் என்றால் ஷோரூமிலிருந்து நேராக வருகிற கார் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டார். சக்கரத்தடியில் வைக்க ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். "சாரு பெரிய ஆளுய்யா, மூச்சு விடல பாரு!" என்று அவரிடம் படித்த நாலு பேரும் கையைக் குலுக்கினார்கள். சார் மறுக்கப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவர் உள்ளே போய் ஒரு கிலோ லட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். எல்லோரும் தின்று முடித்துப் போன பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி, இப்ப இந்தத் தார்ப்பாய என்னைக்கி எடுக்குறது?"

கிழக்கே சூலம்

கண்டரமாணிக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி. நாற்பது நாற்பத்தைந்து வயது, வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர். இரண்டு வருஷமாக ஷெட்டில் கிடந்த காரைக் காரைக்குடி மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொன்னார். கொக்கி மாட்டி, பாதிப் பலகை ஏற்றியாயிற்று. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்குத் திங்கட்கிழமை. காரைக்குடியோ கிழக்கே. திங்களும் சனியும் கிழக்கே சூலம், போகக் கூடாது. போயே ஆக வேண்டும் என்றால் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதுதான் பரிகாரம்.

எனக்கும் வயிரவனுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கெட்டித் தயிர் வந்தது. சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்தால் மூன்றாவதாக ஒரு கிண்ணத்தோடு ஆச்சி நிற்கிறார். "நீங்க கூடப் போறவுக. பயணம் போறது காருல்ல?" நியாயமாகத்தான் இருந்தது. "இதுக்கு வாய் எங்கன இருக்கு?" என்று கேட்டார். வயிரவன், பாவி, பெட்ரோல் மூடியைக் காட்டிவிட்டான். நான் பாய்ந்துபோய்க் கரண்டியைப் பிடித்திராவிட்டால் மெக்கானிக் அன்றைக்கு டேங்கிலிருந்து மோர் இறக்கியிருப்பார். கடைசியில் நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு வைப்பது என்று பேசி முடித்தோம். மீதிக் காரும் மேலே ஏறியது. இரண்டு வருஷமாக ஓரடி நகராத அந்தக் காரின் பானெட்டை ஆச்சி செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

"வழியில எங்குட்டும் நின்னுறாம, நேராப் போயிட்டு நேரா வந்துரு."

கும்பிட்ட கை

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்தரைக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள். அம்மா கேசரி கிண்டி, என்னைப் பட்டு வேட்டியில் நிறுத்தியிருந்தார். எட்டரைக்கு வயிரவன் போன் செய்தான். குன்றக்குடி தாண்டி ஒரு கார் நிற்கிறது, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர், ரொம்ப அவசரமாம். வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதானே என்று நினைத்தேன்.

காருக்குள் ஓர் அம்மா மடியில் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். பானெட்டுக்குள் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், பட்டு வேட்டியைப் பார்த்தார், கையிலிருந்த கொக்கியைப் பார்த்தார். என் போட்டோ அவர் வீட்டுக்கும், மகள் பக்கத்தில் அவரும் நிற்கிற போட்டோ என் பர்ஸுக்கும் வந்திருந்ததால் அறிமுகம் தேவைப்படவில்லை. திருக்கோஷ்டியூர்ப் பெண்ணின் அப்பா. நாலாவதும் போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அவர்தான் என்னைவிடக் கூசிப் போயிருந்தார். "வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஓடும். ஸ்டார்ட்டுதான் ஆக மாட்டேங்குது" என்றார். "ஆட்டோவுல போயிருவம்ங்க" என்றார் அவர் மனைவி. "கார்ல வாரோம்னு சொல்லிப்புட்டு ஆட்டோவுலயா போயி எறங்குறது? மொதமொத சம்பந்தம் பேசப் போறோம், கட்டித் தூக்கிட்டு வந்தாகன்னு பேச்சு வரக் கூடாது. வண்டி தன் கால்ல போயி நிக்கணும்" என்று அவர் பிடிவாதமாக இருந்தார். செத்த வண்டி தூக்குகிறவன் என்ற பேச்சுக்கு நான் பயந்தேன். தூக்கிவந்த வண்டி என்ற பேச்சுக்கு அவர் பயந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது, ஒரு யோசனை சொன்னேன்.

எங்கள் தெரு முனையிலிருந்து ஊருணியைப் பார்த்துச் சரிவாக இறங்கும். முனையிலிருந்து எழுபதடியில் எங்கள் வீடு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தண்ணீர். காரை ஏற்றிக்கொண்டு போய், டிரெய்லரை முனைக்கு அந்தப் பக்கம் மறைவாக நிறுத்தி, காரை இறக்கி, அதன் பின்பக்கம் கொக்கியை மாட்டி, வடத்தை மெல்ல விட்டால் கார் தானாக வாசலுக்கு வந்துவிடும். என்ஜின் ஓடாதபோது பிரேக்கை மிதித்தால் கல் மாதிரி இருக்கும், வண்டியைப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக் சும்மா பேருக்கு என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆக அவர், அவர் மனைவி, பழக்கூடை, என் கல்யாணம் எல்லாம் அந்த ஒரு கொக்கியில். முனையில் நிற்கிற வயிரவனுக்கு வாசல் சரியாகத் தெரியாது. அதனால் ரிமோட்டை நான் எடுத்துக்கொண்டு, பின்சந்து வழியாக ஓடிவந்து வாசலில் நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா வெளியே வந்துவிட்டார்.

"வந்துட்டாக பாரு. கும்பிடுடா." கும்பிட்டேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ரிமோட். கட்டைவிரலால் கீழ்ப் பட்டனை அழுத்தினேன். கார் முனையைத் தாண்டி, பெருமாள் புறப்பாடு மாதிரி அசைந்து அசைந்து இறங்கியது. ஒரு சத்தம் இல்லை. அம்மா என் முழங்கையை இடித்தார். "கரண்டு காருடா! பெரிய எடந்தான்." எனக்குச் சிரிப்பும் பயமுமாக விரல் வழுக்கிவிட்டது. கார் நடுத்தெருவில் நின்றது. உள்ளே அவர் எங்கள் வீட்டு மாடியை ரசிப்பதுபோல் அண்ணாந்து பார்த்துச் சமாளித்தார். மறுபடி அழுத்தினேன். சரியாக வாசலில் வந்து நின்றது. வயிரவன் காருக்குப் பின்னால் குனிந்தபடியே ஓடிவந்து, அம்மா கண்ணில் படாமல் சக்கரத்துக்குக் கல் கொடுத்துக் கொக்கியைக் கழற்றினான்.

"கும்பிட்டது போதும், கைய எறக்கு" என்றார் அம்மா. இறக்கினால் ரிமோட் தெரியும். அப்படியே சிலையாக நின்றேன். பெண்ணின் அப்பா இறங்கி நேராக வந்து, என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். விட்டபோது ரிமோட் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே. கேசரி சாப்பிடும்போது அம்மா இரண்டு தடவை 'டிரான்ஸ்போர்ட்டு' என்றார். அவர் இரண்டு தடவையும் தலையை ஆட்டினார். கிளம்பும்போது ரிமோட்டை என் கையில் வைத்து, காதோடு சொன்னார்.

"நடுவுல ஒருக்கா நிறுத்தினீகளே, அப்ப உசுரு போயி வந்துச்சு தம்பி, ஆனா கடைசி வரைக்கும் எங்கள விடல, பொண்ணக் குடுக்கிறேன்."

சார்ஜ்

கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாகிறது. அன்றைக்கு அந்தக் கார் வந்த வழியே பின்பக்கமாகவும் சத்தமில்லாமல் மேடேறிப் போனதை அம்மா இன்னும் தெருவெல்லாம் சொல்கிறார். மாமனார் மகளைப் பார்க்க மாதம் ஒருமுறை வருவார், பஸ்ஸில். வாசல் ஏறுவதற்குள் அம்மா அக்கறையாகக் கேட்பார், "வண்டி சார்ஜுல கெடக்காண்ணே?" என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிடுவாள். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகம் மாறாமல் பதில் சொல்வார்.

"ஆமாத்தா, இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு."

செத்த வண்டி தூக்குகிறவனுக்குப் பெண் கிடையாது என்ற அந்த மூன்று வீட்டுக் கார்களையும் இந்த ஒரு வருஷத்துக்குள் நான்தான் தூக்கினேன். மூன்றும் ஓடுமாம், ஸ்டார்ட்டுதான் ஆகாதாம்.