கட்டத்துக்குள் போன கல்வெட்டு

நடந்தது இதுதான்:

1. பெரியம்மா காலமான இரண்டாம் வாரம், கனடாவில் இருக்கும் அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணை, கல்வெட்டு அச்சடிப்பதில்லை என்று அறிவித்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு நூலைத்தான் கல்வெட்டு என்கிறோம். தேவாரங்களும் இறந்தவரின் வாழ்க்கை வரலாறும் அதில் இருக்கும்.

2. அச்சுக்குப் பதில் பிடிஎஃப். தானே எழுதி இணையத்தில் ஏற்றுவதாக அண்ணை சொன்னார். மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன் என்பதால், கியூஆர் கட்டம் போட்ட அட்டையைச் செய்வது என் பொறுப்பாயிற்று.

3. கடதாசியை மிச்சம் பிடிக்க, அந்த அட்டையைத் தடித்த கடதாசியில் அச்சடித்தோம்.

4. அந்தியேட்டியன்று காலை நாங்கள் கீரிமலைக் கடற்கரையில் கிரியைக்கு நின்றபோதுதான் அண்ணையின் கோப்பு இணையத்தில் ஏறியது.

5. மதியம், உரும்பிராய் வீட்டில், அம்மா அட்டைகளைத் திருநீற்றுத் தட்டருகே அடுக்கி, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் சந்தனம் வைத்தார்.

"ஏனம்மா?" என்றேன்.

"மற்றப் பக்கம் அக்காவின்ரை முகம். முகத்திலை பூசேலுமே? உது சும்மா கறுப்புக் கட்டம்தானே."

ஒரு பொட்டை அந்தக் கட்டம் தாங்கும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். சொந்தக்காரரின் பெருவிரலை அது தாங்காது. சந்தனத்தைத் துடைக்கப் போய் முழுக் கட்டத்திலும் அப்பிவிட்டு, போனைக் கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு அட்டையால் விசிறிக்கொண்டு சாப்பாட்டுக்குப் போனார்கள். அதற்கு முன் தேவாரம் பாடும்போது, எல்லோரும் இரண்டாவது பாட்டோடு முணுமுணுப்புக்கு இறங்கினார்கள். சொற்கள் பிடிஎஃபுக்குள் பத்திரமாக இருந்தன.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் மட்டும் விழா சிறப்பாக நடந்தது. அண்ணை இணைப்பைப் போட்ட மறுகணமே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. 'அருமையான ஆக்கம்' என்று ஒருவர் எழுதினார். கோப்பைத் தரவிறக்கும் நேரத்துக்குள் அதை வாசித்தும் முடித்துவிடுகிற வம்சம் நாங்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

என்னிடம் கேட்டால், கையடக்கத் திரையில் வாசிப்பதில் எனக்கு வெறுப்பில்லை. வேலைக்கான கையேடுகளை அச்சில் தேடுவது மடமை. புத்தகத்தை மூக்கில் வைத்து வாசம் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் மாரி மழைக்குள் அலுமாரியில் கிடக்கும் புத்தகத்தின் வாசம் பூஞ்சணம். ஆனால் ஒன்றை முடிவுவரை வாசிக்கவேண்டுமென்றால் எனக்கு அது தாளில் வேண்டும். திரையில் இருப்பதை 'பிறகு பார்ப்பம்' என்று வைத்துவிடலாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம். அண்ணைக்கும் இது தெரியும். அவருடைய கலியாண அல்பம் கடதாசியில்தான் இருக்கிறது, தோல் அட்டையும் போட்டு.

பந்தியெல்லாம் முடிந்த பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த போன்.

"பிள்ளை, எனக்கு வாசிக்க ஒண்டுமில்லையோ? அவவைப் பற்றி என்ன எழுதிக்கிடக்கு எண்டு எனக்குத் தெரிய வேண்டாமோ?"

என் போனைக் கொடுத்தேன். விரல் பட்டதும் பக்கம் ஓடியது, எழுத்துப் பெருத்தது, பிறகு அதிலேயே யாரோ அழைத்தார்கள். அவர் போனைத் திருப்பித் தந்தார். மறுநாள் காலை சந்தியில் உள்ள போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்து, பின் அடித்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.

"'நான்கு செல்வங்களையும் சீராட்டி வளர்த்து' எண்டு கிடக்கு. மற்ற மூண்டும் எங்கையாம்?"

வாங்கிப் பார்த்தேன். அண்ணை வேறு யாரோ ஒருவரின் கல்வெட்டைப் பிரதி பண்ணி, பெயரை மட்டும் மாற்றியிருந்தார். பெரியம்மா இளைப்பாறும்வரை சாவகச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வந்து, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை செய்தவர். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'விருந்தோம்பலில் சிறந்த இல்லத்தரசி' என்று மட்டும் இருந்தது. குழுவில் கைகூப்பிய ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை.

அண்ணைக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சிரித்தார்.

"உதுக்கு ஏன் இவ்வளவு கத்துறாய்? பிடிஎஃப்தானே, இப்பவே மாத்திப்போடுறன். அச்சடிச்சிருந்தால் மாத்தேலுமோ? இப்ப விளங்குதே, நான் ஏன் சொன்னனான் எண்டு?"

"அச்சடிச்சிருந்தால் பந்தியிலை இருந்தே பத்துப் பேர் போன் எடுத்து உன்ரை காதைத் திருகியிருப்பினம்," என்றார் பெரியப்பா. "அந்த மூண்டு பேரையும் கேட்டதாச் சொல்லு."

அண்ணை நான்கை ஒன்றாக்கினார். 'செல்வங்களையும்' அப்படியே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியைச் சேர்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. புதிய கோப்புக்கும் கும்பிடும் கைகள் வந்தன.

இதெல்லாம் நடந்து பத்து மாதமாகிறது. அடுத்த மாதம் ஆண்டுத் திவசம். வாழ்க்கை வரலாற்றைப் பெரியப்பா புதிதாகக் கையால் எழுதித் தந்தார். முதல் பத்தியிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் தட்டச்சுச் செய்தேன். அது இப்போது அச்சகத்தில் இருக்கிறது. அண்ணைக்கு இன்னும் சொல்லவில்லை.